பச்சைக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக்: வாந்தியை ஏன் கவனிக்கணும்?

வீட்டில் யாருக்காவது கக்குவான் இருமல், அதாவது 'பாத்தோக் கோக்கோல்' வந்தால், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுப்பார். கொடுக்கத்தான் வேணும். நம் நாட்டில் இதற்கான முதல் தடுப்பூசி 2 மாதத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை அந்தக் கிருமி குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடலாம்.

ஆனால் இந்த மருந்துக்கு அரிதான ஒரு பக்கவிளைவு உண்டு. இரைப்பையின் வாசல் அடைத்துக்கொள்வதுதான் அது.

எப்படித் தெரிய வந்தது?

1999 பிப்ரவரியில் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில், ஒரே மருத்துவமனையில் பிறந்த 6 குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் உறுதியானது. அந்த மாதம் அங்கே பிறந்த சுமார் 200 குழந்தைகளுக்கும் தற்காப்பாக எரித்ரோமைசின் தரச் சொன்னார்கள். மறுமாதமே உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டே வாரத்தில் 7 குழந்தைகளுக்கு இரைப்பை வாசல் அடைப்பு! ஏழு பேரும் அதே மருத்துவமனையில் பிறந்தவர்கள், அதே மருந்தைக் குடித்தவர்கள். மருந்து குடித்ததாக உறுதியான 157 பேரில் 7 பேர் என்று கணக்கு வந்தது. சாதாரணமாக இந்த நோய் 1,000 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும்.

2015இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தது. பிறந்த முதல் 14 நாளில் எரித்ரோமைசின் குடித்தவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் 13 மடங்கு, அசித்ரோமைசினுக்குச் சுமார் 8 மடங்கு. ஆறு வாரம் தாண்டிக் கொடுத்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. எத்தனை மடங்கு என்றாலும், மருந்து குடித்த பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் படிங்க.

உள்ளே என்ன நடக்குது?

இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியில் ஒரு தசை வளையம் இருக்கு. இந்த மருந்துகள் வயிற்றுத் தசையைப் பலமாகச் சுருங்க வைக்கும். அதனால் அந்த வளையம் தடித்து, வழி குறுகிவிடுவதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். பால் கீழே இறங்க முடியாமல் மேலே வந்துவிடும்.

எதைக் கவனிக்கணும்?

எல்லாக் குழந்தையும் பால் கக்கும். இது வேற மாதிரி. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் தூரமாய்ப் பீய்ச்சி அடிக்கும். வாந்தி எடுத்த உடனே குழந்தை மறுபடி பசியோடு அழும். நாளாக நாளாக வாந்தி கூடும், எடை ஏறாது, பெம்பர்ஸ் நனைவது குறையும். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் அது வேறொரு அவசரம். அதற்கும் உடனே ஆஸ்பத்திரிதான்.

தோட்டத்தில் இருந்தால்?

பகாவ், ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் குழந்தை வாந்தி எடுத்தால் முதலில் வசம்பு, கிரைப் வாட்டர், திருஷ்டி கழிப்பு என்றுதான் போகும். பாட்டியோட அக்கறையில் குறை இல்லை. ஆனால் தடித்த தசையை இவை இளக்காது, நாள்தான் போகும். அதற்குள் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடும். இதற்கு ஸ்கேன் வேணும், பிறகு சின்ன அறுவை சிகிச்சை. அந்த அறுவை நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்யப்படுவது. குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள். ஆகவே கிளினிக்கோடு நிற்காமல், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் அன்றைக்கே கிளம்புங்க.

நீங்க செய்யக்கூடியது

கிளினிக்கில் மலாயில் சொல்வதை வீட்டில் தமிழில் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்கதான். மருந்தின் பெயரையும், கொடுத்த தேதியையும், அன்றைக்குக் குழந்தைக்கு எத்தனை நாள் என்பதையும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் குறித்து வையுங்க. வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம் காட்டுங்க. அண்ணன் பிள்ளைக்கு வாங்கி மிச்சமான ஆன்டிபயாடிக்கைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க விடாதீங்க.

முக்கியமா, இதைப் படிச்சிட்டு டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீங்க. கக்குவான் இருமல் இதைவிடப் பெரிய ஆபத்து. மருந்தைக் கொடுங்க, அடுத்த சில வாரங்களுக்கு வாந்தி மேல் ஒரு கண் வையுங்க.