சீலோவாம் கோபுரமும் நமது மலைச்சரிவுகளும்

சிந்தனைக்கு: லூக்கா 13:1-5, மத்தேயு 7:24-27



எருசலேமில் சீலோவாம் என்னும் இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். பலி செலுத்த வந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்ற செய்தியும் அந்நாட்களில் மக்களின் வாயில் இருந்தது. நற்செய்தி ஏடுகளில் நம் காலத்து நாளிதழ்ச் செய்திக்கு மிக நெருக்கமாக அமைந்துள்ள பகுதி இதுவே எனலாம். செய்தியைக் கொண்டுவந்தவர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி இருந்தது. இறந்துபோனவர்கள் ஏனையோரைவிடப் பெரும் பாவிகளாக இருந்திருப்பார்களோ என்பதே அது. இயேசு அதனை ஐயத்துக்கு இடமின்றி மறுத்தார்.

இந்தப் பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதன் பாரத்தை நான் உணர்ந்தது 2025ஆம் ஆண்டின் இறுதியில், யட்டியாந்தோட்டைப் பகுதியில் பாதிக்கப்பட்டுப் பாடசாலைக் கட்டடமொன்றில் தங்கியிருந்த குடும்பங்களைச் சந்தித்தபோதுதான். வயது முதிர்ந்த தாய் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “சாமி, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?” என்று கேட்டார். அவர் கழுத்தில் செபமாலை இருந்தது. ஓடி வரும்போது எடுத்துக்கொண்டு வந்த ஒரே பொருள் அதுவென்று பின்னர் அறிந்தேன்.

நடந்தது என்ன?

‘டித்வா’ சூறாவளி 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கரையைத் தொட்டது. அடுத்த நாள் மறுநாள் திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிறு. எதிர்நோக்கின் மெழுகுவர்த்தியை நாம் ஏற்றவேண்டிய நாளில், மலையகத்தின் பல ஆலயங்கள் இடம்பெயர்ந்தோருக்கான தங்குமிடங்களாயின. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களோடு நமது கேகாலை மாவட்டமும் மண்சரிவினால் துயருற்றது.

இது நமக்கு முதல் அனுபவம் அன்று. 2016 மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அதே நாட்களில் நமக்கு அயலில் உள்ள புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் மண்ணில் புதையுண்டன. அதற்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வரிசைகள் மண்ணுக்குள் மறைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். வேறு எங்கு செல்வார்கள்?

மூன்று தவறான விடைகள்

துன்பம் வரும்போது மூன்று விதமான விளக்கங்கள் நம்மிடையே உலாவுகின்றன. மூன்றும் பக்தியின் மொழியிலேயே பேசுகின்றன. ஆகையால் அவற்றை இனங்காண்பது அவசியமாகிறது.

முதலாவது, ‘இது கடவுளின் தண்டனை’ என்பது. யோபுவின் நண்பர்கள் சொன்னதும் இதைத்தான். அவர்கள் ஏழு நாட்கள் மௌனமாக அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாய்திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபின் அவருடைய துயரத்தைக் கூட்டினார்கள். அந்நூலின் முடிவில் இறைவன் சினங்கொள்வது தம்மோடு வழக்காடிய யோபுவின் மீதன்று, தம்மைப் பாதுகாப்பதாக எண்ணிப் பேசிய அந்த நண்பர்கள் மீதே.

இரண்டாவது, ‘எல்லாம் தலைவிதி, இறைவன் சித்தம்’ என்று சொல்லி ஓய்ந்துவிடுவது. இறைவனின் திருவுளத்துக்குப் பணிவது கிறிஸ்தவ மரபுதான். ஆனால் மனிதர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுவது பணிவாகாது. கெத்சமனியில் இயேசு தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். ஆயினும் அடுத்த சில மணி நேரத்தில், தம்மை அறைந்த காவலனிடம் ஏன் அடித்தாய் என்று கேட்கவும் செய்தார் (யோவான் 18:23).

மூன்றாவது, நம் தோட்டங்களில் அண்மைக்காலத்தில் பெருகிவருவது: ‘விசுவாசம் உறுதியாக இருந்தால் கஷ்டம் வராது, காணிக்கை கொடுத்தால் ஆசீர்வாதம் இரட்டிப்பாகும்’ என்னும் போதனை. கடனும் நோயும் நெருக்கும் குடும்பங்கள் இதனால் கவரப்படுவதை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் பசியோடு இருந்தபோது நாம் அவர்களைச் சந்திக்கச் சென்றோமா என்ற கேள்வி முதலில் குருக்களாகிய எங்களை நோக்கி எழவேண்டும். ஆனால் இந்தப் போதனையின் விளைவு கொடியது. மலை சரிந்தபின், பிள்ளையை இழந்த தாய்க்கு அது சொல்லக்கூடியது ஒன்றுதான்: உன் விசுவாசம் போதவில்லை. இறைமகனே சிலுவையில் மாண்ட ஒரு மறையில் இத்தகைய தீர்ப்புக்கு இடமில்லை.

கற்பாறையும் மணலும்

ஆண்டவருடைய உவமை ஒன்றில் மழை பெய்கிறது, வெள்ளம் பெருக்கெடுக்கிறது, காற்று மோதுகிறது. பாறைமீது கட்டிய வீடு நிற்கிறது. மணல்மீது கட்டியது விழுகிறது. ஒன்றைக் கவனியுங்கள். இரு வீடுகளுக்கும் மழை ஒன்றுதான். பாறைமீது கட்டியவருக்குப் புயல் வராது என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர் குறிப்பிடும் பாறை, தம் வார்த்தைகளைக் கேட்டு அதன்படி செயற்படுதல்.

இந்த உவமையை ஒரு லயன் அறையில் அமர்ந்து வாசிக்கும்போது வேறொரு கேள்வியும் எழுகிறது. உவமையில் வரும் இருவரும் தத்தமது நிலத்தைத் தாமே தேர்ந்தார்கள். நம் மக்களோ தேரவில்லை. கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் எனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு, தோட்டத்தின் வசதிக்கேற்ப எங்கு லயன் கட்டப்பட்டதோ அங்கேயே வாழ்வு அமைந்தது. தேசியமயத்தின்போதும், 1992ஆம் ஆண்டு பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், நிலத்தின் நிர்வாகம் கைமாறியது. அதன்மேல் குடியிருந்தோர் பெரும்பாலும் உறுதியற்றவர்களாகவே தொடர்ந்தார்கள்.

2025 டிசம்பரில் அரசாங்கம், முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்டுவதற்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என அறிவித்தது. வரவேற்கவேண்டிய அறிவிப்பு. ஆனால் தன் பெயரில் வீடோ காணியோ இல்லாத தொழிலாளி எதனைத் தன் இழப்பாகக் காட்டுவது? எந்த நிலத்தில் கட்டுவது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், மழை ஓய்ந்ததும் மக்கள் வெடித்த சுவர்களுக்குள்ளேயே திரும்பிச் செல்வார்கள். 2016இன் பின்னரும் இதுவே பல இடங்களில் நடந்தது.

சம்பளத்தின் கதையும் இதனோடு இணைந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா ஆக்கும் முன்மொழிவு வந்தது. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் அரிசி, பருப்பு, பால்மா விலைகள் எங்கு சென்றன என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். ஒரு தொழிலாளியும் அவர் குடும்பமும் மாண்புடன் வாழப் போதுமானதாகக் கூலி அமையவேண்டும் என்பது திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்திய படிப்பினை. எனவே காணியுரிமையையும் நியாயமான கூலியையும் கேட்பது விசுவாசத்துக்குப் புறம்பான அரசியல் அன்று. திருச்சபையின் போதனையே அதனைக் கேட்கச் சொல்கிறது.

நமக்கு முன் நடந்தவர்கள்

‘இந்த நிலையில் எப்படி விசுவாசத்தைக் காப்பது?’ என்று சிலர் கேட்கிறார்கள். இந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் அதற்கு விடை உண்டு.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசேவாஸ் வரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றி வாழ்ந்தார்கள். திருப்பலி இல்லை, ஒப்புரவு அருட்சாதனம் இல்லை. ஆனால் வீடுகளில் செபமாலை இருந்தது. மூப்பரும் அண்ணாவியாரும் பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்பித்தார்கள். யோசேவாஸ் வந்தபோது நெருப்பு அணைந்திருக்கவில்லை. குடும்பங்கள் அதனைச் சாம்பலுக்குள் காத்து வைத்திருந்தன.

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளரை உறவினரே கைவிட்டார்கள். யோசேவாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் மதம் பாராமல் அவர்களைத் தேடிச்சென்று கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். துன்பம் ஏன் வந்தது என்று அவர்கள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. துன்புற்றோர் அருகில் சென்றார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிசு கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நம் பாட்டன் பாட்டிமாரையும் நினைவுகூருங்கள். 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுள் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கு ஏற்கவும் வகைசெய்து குடும்பங்களைப் பிரித்தது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் வன்செயல்கள் நடந்தன. இத்தனைக்கும் மத்தியில், மாதத்தில் ஒருமுறை மட்டும் குருவைக் கண்ட தோட்டங்களில், தகரக் கூரையின்கீழ் மாதா சுரூபத்துக்கு முன் விளக்கு எரிந்தது. அந்த விளக்கை ஏற்றியவர்கள் படித்தவர்கள் அல்லர். இன்று நம் கையில் திருவிவிலியம் இருக்கிறது. எழுத்தறிவும் வாக்குரிமையும் இருக்கின்றன. அவர்களைவிட நாம் வறியவர்களாக எண்ணவேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, அழுங்கள், ஆனால் இறைவனுக்கு முன்பாக அழுங்கள். திருப்பாடல்களில் பெரும் பகுதி புலம்பலே. இறைவனோடு வழக்காடுவது விசுவாசக் குறைவன்று. அவரோடு பேசுவதையே விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஒருநாளுக்கு ஒரு பத்துமணியாவது குடும்பமாகச் செபமாலை சொல்லுங்கள். தற்காலிகத் தங்குமிடத்தின் பாயிலும் அது இயலும்.

இரண்டாவதாக, எச்சரிக்கையை மதியுங்கள். மண்சரிவு அறிவித்தல்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வருகின்றன. சிவப்பு என்றால் உடனே வெளியேறவேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தலுக்காகவும் காத்திராதீர்கள். ‘ஆண்டவர் காப்பாற்றுவார்’ என்று சொல்லிப் படுத்துறங்குவது, கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்குச் செவிகொடுப்பதாகும். இயேசு அதனை மறுத்தார் (மத்தேயு 4:5-7). தென்மேல் பருவமழை ஒவ்வொரு மே மாதமும் நம் மலைகளுக்கு வரும். எந்த வழியால் வெளியேறுவது, முதியோரை யார் தூக்குவது என்பதை ஞாயிறு திருப்பலிக்குப்பின் பத்து நிமிடம் கூடிப் பேசுவதும் இறைபணியே.

மூன்றாவதாக, ஒன்றாக நில்லுங்கள். மண் சரிந்தபோது அது சமயம் பார்க்கவில்லை. வெள்ளத்தின்போது விகாரையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சமைத்த சோற்றை நாம் உண்டோம். அந்த உறவை மழையோடு முடிந்துபோக விடாதீர்கள். காணிக்கான மனுவையும் சேர்ந்தே எழுதுங்கள்.

நான்காவதாக, பங்குத்தந்தையர்க்கும் அருட்பணிப் பேரவைகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவின் அலங்காரத்திலும் வாணவேடிக்கையிலும் ஒரு பகுதியைக் குறைத்து, கடனில் மூழ்கிய குடும்பத்துப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு ஒதுக்குவோமா? இதனை நான் பிறர்க்குச் சொல்வதாக எண்ணவேண்டாம். என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஏமாற்றாத எதிர்நோக்கு

2025ஆம் ஆண்டு திருச்சபைக்கு எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக இருந்தது. அதன் இறுதி வாரங்களில்தான் மலைகள் சரிந்தன. 2026 ஜனவரி 6ஆம் திகதி உரோமையில் யூபிலிக் கதவு மூடப்பட்டபோது, நம்மவர் பலர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. யூபிலியின் அடிப்படையாக அமைந்த உரோமையர் 5:5இல் பவுலடியார் எதிர்நோக்கு ஏமாற்றந் தராது என்கிறார். அதற்கு முந்திய வசனங்களில் அவர் துன்பத்திலிருந்து மனவுறுதிக்கும், அதிலிருந்து தகைமைக்கும், அதன் வழியாக எதிர்நோக்குக்கும் படிப்படியாக ஏறுகிறார். துன்பத்தைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழி எதையும் அவர் காட்டவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நான் நீண்ட பதில் சொல்லவில்லை. “அம்மா, நீங்க பாவம் செஞ்சதாலே இது வரல்லே. சீலோவாமிலே செத்தவங்களப் பத்தி இயேசு சாமியே அப்படித்தான் சொன்னார்” என்றேன். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பின்பு கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி, அருகில் இருந்த பேரப்பிள்ளையின் கையில் கொடுத்து, ‘நீ தொடங்கு’ என்றார். அந்தச் சிறுமி தொடங்க, அறையில் இருந்தோர் பதிலுரைத்தார்கள். நானும் அவர்களோடு அமர்ந்தேன்.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் வீடுகளிலும் யாரேனும் ஒருவர் இன்று மாலை அதனைத் தொடங்கட்டும். இழந்தவர்களை இறைவன் தேற்றுவாராக. நிலமின்றித் தவிப்போருக்கு நீதி கிடைக்க உழைப்போரின் கரங்களை அவர் திடப்படுத்துவாராக. நம் விசுவாசம் தளராதிருக்க அன்னை மரியா நமக்காகப் பரிந்துபேசுவாராக. ஆமென்.