முதலிடத்தில் ஜாஷ் கிப்சன்

2024 மே மாத இறுதியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தன் பதிவேட்டைத் திருத்தி எழுதியது. ஒரு பருவத்தின் மிக உயர்ந்த மட்டையாட்டச் சராசரி என்னும் இடத்தில் அதுவரை நின்றவர் ஹ்யூ டஃபி, 1894இல் 0.440. இன்று அங்கே நிற்பவர் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் ஜாஷ் கிப்சன், 1943இல் 0.466. கறுப்பின வீரர்களுக்கென 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் சேர்க்கப்பட்டதன் விளைவு இது. (கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இங்கே கணக்கு ஓட்டங்களில் அன்று, ஆயிரம் வாய்ப்புகளில் எத்தனை வெற்றிகரமான அடிகள் என்பதில்.)

உடனே எழுந்த ஆட்சேபம் நாம் எதிர்பார்த்ததே. கிப்சனின் லீக் ஆட்டங்கள், வெள்ளையர் லீக்குகளின் 154 ஆட்டப் பருவத்தில் பாதியைக்கூட எட்டவில்லை; குறுகிய பருவத்தில் சராசரி உயர்ந்து நிற்பது எளிது என்கிறார்கள். கணிதமாக இது சரி. ஆனால் பருவம் ஏன் குறுகியது? லீக் ஆட்டங்களின் வருவாய் போதாமல், அந்த அணிகள் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடிப் பிழைத்தன. அவை எவையும் இக்கணக்கில் இல்லை. வாசலை அடைத்தவர்களே உள்ளே இருந்த நாள்களை எண்ணச் சொல்வது நமக்கு நியாயமாகப் படவில்லை.

மேலும், அந்தப் பதிவேடு என்றைக்குத்தான் ஒரே அளவுகோலால் அளந்தது? பந்தெறியும் தூரம் 1893இல் 60 அடி 6 அங்குலமாக நீட்டப்பட்டது. பந்தெறிவாளர்கள் தடுமாறிய அடுத்த ஆண்டில்தான் டஃபியின் 0.440 பிறந்தது. 2020இல் கொள்ளைநோயால் பருவம் 60 ஆட்டங்களாகச் சுருங்கியபோதும் அவ்வாண்டின் முதல்வர்கள் முதல்வர்களாகவே எழுதப்பட்டனர். அப்போது எழாத ஐயம் கிப்சனின் பெயரருகே மட்டும் எழுவானேன்?

கறுப்பினச் செய்தித்தாள்களில் வெளிவந்த ஆட்டக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்தவர்களின் உழைப்பு இதன் பின்னே உள்ளது. தொகுப்பு இன்னும் முழுமையடையவில்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு கிடைத்ததாக 2024இல் சொல்லப்பட்டது. மீதம் கிடைக்கையில் 0.466 மாறலாம். மாறட்டும், புதிய சான்று வந்தால் எண் மாறுவது பதிவேட்டுக்கு இழுக்கு அன்று.

டெட் வில்லியம்ஸின் 0.406ஐ முன்னிறுத்திக் கிப்சனைக் குறைத்துப் பேசுவோரும் உண்டு. 1941இன் இறுதி நாளில் வில்லியம்ஸின் சராசரி 0.39955. ஆடாமல் அமர்ந்திருந்தால் அதுவே 0.400 ஆகியிருக்கும். அவர் இரண்டு ஆட்டங்களிலும் இறங்கினார். எட்டு வாய்ப்புகளில் ஆறு அடிகள். அந்த மனிதர்தான் 1966இல் கூப்பர்ஸ்டவுனில் புகழ் மண்டபத்தில் தம்மைச் சேர்த்த விழாவில், வாய்ப்பு மறுக்கப்பட்ட சாட்செல் பேஜும் ஜாஷ் கிப்சனும் அங்கே இடம்பெற வேண்டும் என்று பேசினார். கிப்சன் 1972இல் சேர்க்கப்பட்டார்.

அதைக் காண அவர் இல்லை. 1947 ஜனவரி 20 அன்று, தம் 35ஆம் வயதில் இறந்துபோனார். ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரல் 15.