நெல் எங்களுடையது, இலாபம் யாருடையது?

ஒவ்வொரு பெரும்போக அறுவடையின்போதும் அம்பாறை மாவட்டத்தில் ஒரே கோரிக்கைதான் எழுகின்றது: "நெல்லுக்கு உத்தரவாத விலை வேண்டும்." கோரிக்கை நியாயமானது. ஆனால் விலையை மட்டும் கேட்டு நிற்பது விவசாயியைக் காப்பாற்றுமா?

2025 பெப்ரவரி ஆரம்பத்தில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் அறுவடை தொடங்கியிருந்தது. நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவு செய்வதோ 14 வீத ஈரப்பதனுக்கு உலர்ந்த நெல்லை. அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல் அப்படி இருப்பதில்லை. உலர்த்தக் களமில்லை, இருக்கின்ற வீதியோரத்திலும் மழை விடுவதில்லை. உரக்கடைக்காரரும் உழவு இயந்திரக்காரரும் கடனுக்குக் காத்திருக்கிறார்கள். எனவே வரம்படியிலேயே ஈர நெல் கைமாறி விடுகின்றது.

இதில் எவ்வளவு போகின்றது என்று கணக்குப் பார்ப்போம். 20 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் சுமார் 93 கிலோ மிஞ்சும். 120 ரூபா வீதம் அதன் பெறுமதி 11,160 ரூபா. அதே 100 கிலோவை ஈரமாக, கிலோ 100 ரூபாவுக்குக் கொடுத்தால் 10,000 ரூபாதான். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்தால் வித்தியாசம் 23,200 ரூபா. உலர்த்தும் கூலியையும் ஏற்றுக்கூலியையும் கழித்தாலும், மிச்சம் ஒரு சிறு விவசாயிக்குச் சிறிய தொகையல்ல.

அடுத்த கட்டம் ஆலை. 100 கிலோ உலர்ந்த நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு நிர்ணயிக்கப்பட்ட உச்ச சில்லறை விலை 230 ரூபா. அதன்படி 12,000 ரூபா நெல் 14,950 ரூபா அரிசியாகின்றது. தவிடும் உமியும் தனி வருமானம். இதில் ஆலைச் செலவு, போக்குவரத்து, கடைக்காரரின் பங்கு எல்லாம் உண்டு. முழுவதும் ஆலை முதலாளியின் இலாபம் என்று கூறுவது நேர்மையல்ல. ஆனால் இந்தக் கட்டங்கள் எதிலும் விளைவித்தவன் இல்லை. நெல்லை விற்ற குடும்பமே சில மாதங்களில் கடையில் அரிசி வாங்குகின்றது.

பெரிய ஆலைகளின் பலம் இயந்திரத்தில் மட்டுமல்ல. களஞ்சியமும் வங்கிக் கடனும் அவர்களைக் காத்திருக்க வைக்கின்றன. விவசாயியால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாது. அந்தக் காத்திருக்கும் சக்தியை உருவாக்குவதுதான் உண்மையான தீர்வு.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்து வழங்கியுள்ளது. ஆனால் அவை பெரும்பாலும் நீர்ப்பங்கீடு, உரமானியம் என்பவற்றோடு நின்று விடுகின்றன. பல வட்டைகளின் அமைப்புகள் சேர்ந்து ஒரு உலர்த்தும் இயந்திரம், ஈரமானி, களஞ்சியம் ஆகியவற்றை நடத்தலாம். களஞ்சிய நெல்லை ஈடாக வைத்து வங்கிகள் கடன் வழங்க அரசு வழிசெய்ய வேண்டும். கணக்கு வழக்கில் நம்பிக்கையில்லாவிட்டால் இவையெல்லாம் ஒரு போகத்தோடு முடிந்துவிடும். வெளிப்படையான கணக்காய்வு முதல் நிபந்தனை.

எமது பிரதிநிதிகள் அறுவடை வேளையில் விலைக்காகக் குரல் கொடுப்பதோடு நின்றுவிடாது, விதைப்புக்கு முன்பே களஞ்சியத்துக்கும் உலர்த்தும் வசதிக்கும் நிதி கேட்க வேண்டும். உத்தரவாத விலை எவ்வளவு உயர்ந்தாலும், அந்த விலை கிடைக்கும் நாள்வரை நெல்லை வைத்திருக்க முடியாதவனுக்கு அது வெறும் அறிவிப்பே.