புதுவாழ்வு எங்கே தொடங்குகிறது?

சேலம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டிக்குக் காத்திருக்கும் மகளிர் கைகளில் மாத நாவல் விரிந்திருந்ததை நாம் பலகாலும் கண்டதுண்டு. இன்று அக்கதைகள் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. 'பொழுதைப் பாழாக்கும் காதற்கதைகள்' எனப் பெரியோர் சிலர் அவற்றைக் கடிவர். அக்கடிதல் முற்றும் நேரியதன்று என்பதே நம் கருத்து.

ரமணிச்சந்திரன் போன்றோர் எழுதிக் குவித்த இவ்வகைக் கதைகளின் போக்கு நாமறிந்ததே. வறுமையாலோ பழியாலோ இடருற்ற பெண்ணொருத்தி, எதிர்பாராத இடத்தில் வாழ்வை மீண்டும் தொடங்குகிறாள். சிரிப்பும் ஊடலுமாகக் கதை வளர்ந்து மணத்தில் முடிகிறது. பள்ளிபாளையத்து விசைத்தறியிலும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும், நாமக்கல் கோழிப்பண்ணையிலும் உழைத்துக் களைத்த பெண்ணுக்கு, 'ஒரு தோல்வியோடு வாழ்வு முடிவதில்லை' என்னும் சொல் சிறிய ஆறுதலா?

அந்நம்பிக்கை நம் மார்க்கத்திற்கும் புறம்பானதன்று. கணவரை இழந்தவராய், வணிகத்தில் சிறந்தவராய் விளங்கிய அன்னை கதீஜா (ரலி) அவர்களே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மணம் பேசத் தூதனுப்பினார்கள். கணவரை இழந்தவளுக்குத் திருக்குர்ஆன் விதித்த இத்தாக் காலம் நான்கு மாதம் பத்து நாள். அது முடிந்தபின் அவள் முறையோடு தன் வாழ்வை அமைத்துக்கொள்வதில் குற்றமில்லை என்றும் அதுவே கூறுகிறது. இறைமறை திறந்த வாயிலை ஊர்வாய்க்கு அஞ்சி நாம் அடைத்தல் தகுமா?

எனினும் இக்கதைகளில் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் புதுவாழ்வு, செல்வம் மிக்க நாயகன் அளிக்கும் கொடையாகவே வருகிறது. நாயகி பார்க்கும் வேலையோ அவன் வரும்வரைதான். மெய்வாழ்வில் அத்தகைய நாயகன் எல்லார் வாயிலுக்கும் வருவதில்லை.

கதை எழுதியோர் வாழ்வோ வேறு பாடம் சொல்கிறது. மூன்றாம் வகுப்பே பயின்று, இளமையிலேயே கணவரை இழந்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு டாக்டர் உ.வே.சாமிநாதையரே முன்னுரை அளித்தார். திரிபுரசுந்தரி என்னும் 'லக்ஷ்மி', கதை எழுதி ஈட்டிய பொருளால் மருத்துவக் கல்வியைத் தொடர்ந்தார். 1984-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். இவ்விருவருக்கும் புதுவாழ்வைத் திறந்த திறவுகோல் எழுதுகோலே.

ஆதலின் பெரியோர்களே, மகளின் கையிலுள்ள நாவலைப் பறிக்காதீர். அதனருகே பாடநூலும் இருக்கச் செய்யுங்கள். மணமுறிவோ கைம்மையோ நேர்ந்த பெண் மீண்டும் கல்லூரி வாயிலுக்கு வந்தால் வரவேற்போம். மாணவச் செல்வங்களே, நம் சமவெளிப் பெண்ணொருத்தியை நாயகியாக்கி நகைச்சுவை ததும்ப நீங்களே எழுதுங்கள். அவளுக்குக் காதலும் கைகூடட்டும், மணமும் நிகழட்டும். ஆயின் அவள் புதுவாழ்வு, மணநாளுக்கு முன்பே, அவள் தன் உழைப்பில் பெற்ற முதல் ஊதியத்தன்று தொடங்கட்டும்!