கேடித் தொழிலாளருக்குப் பொறுப்பு யார்?

மாண்புமிகு ஒன்றியத் தொழிலாளர், வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



கோல்ஃப் ஆட்டக்காரருடன் மைதானம் முழுவதும் நடந்து, 14 மட்டைகள் வரை கொண்ட பையைச் சுமந்து, ஒவ்வோர் அடிக்கும் ஏற்ற மட்டையைத் தேர்ந்தெடுக்கத் துணைநிற்பவர் கேடி எனப்படுகிறார். சுமப்பது அவர் வேலையில் ஒரு பகுதியே. குழிக்கு இன்னும் எத்தனை கெஜம் உள்ளது, காற்று எத்திசையில் வீசுகிறது, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட ‘கிரீன்’ என்னும் புல்தரை எப்பக்கம் சரிகிறது என்பவற்றை அவர் கணித்துச் சொல்கிறார். ‘பங்கர்’ என்னும் மணற்பள்ளத்தில் பதிந்த காலடித் தடங்களை நிரவுவதும், மட்டை பெயர்த்த புல்லை மீண்டும் பதிப்பதும் அவரே. ஒரே மைதானத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து சேர்த்த இந்த அறிவு எத்தகையது என்பதற்கு, 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேரும் 2009-இல் வென்ற சி. முனியப்பாவும் கேடிகளாகத் தொடங்கியவர்கள் என்பதே போதிய சான்று.

கோல்ஃப் விதிகளின்படி, தனியாள் போட்டியில் ஆட்டக்காரர் தம் கேடியைத் தவிர வேறு எவரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது. கேடி விதியை மீறினால் தண்டனை ஆட்டக்காரரையே சேரும். ஆட்டத்துக்குள் இருவரையும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைத்திருக்க, பாய்ந்து வரும் பந்து கேடியின் கண்ணைப் பறித்தாலோ மின்னல் தாக்கினாலோ பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை இல்லை. கூலி தருபவர் ஆட்டக்காரர் என்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்று கிளப் விலகிக்கொள்ள இடமிருக்கிறது. ஆட்டக்காரரோ சில மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார்.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1997-இல் ஹாங்காங்கிலிருந்து சென்ற வழக்கில், பிரித்தானிய மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், கேடி ஒருவர் கிளப்பின் ஊழியர் அல்லர் என்று பெரும்பான்மை முடிவாகத் தீர்ப்பளித்தது. கிளப் தந்த எண்ணும் சீருடையும் அவருக்கு இருந்தும் அம்முடிவு எட்டப்பட்டது என்பது, ஒப்பந்தச் சட்டத்தின் வழியே மட்டும் இவர்களுக்கு நீதி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது.

எனவே தீர்வு சமூகப் பாதுகாப்பின் வழியே வர வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்போரை ‘கிக்’ தொழிலாளர் என ஏற்றுக்கொண்டு, செயலிவழிச் சேவை நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை அவர்களது நலனுக்குச் செலுத்த வகைசெய்கிறது. ஆட்டக் கட்டணமும் உறுப்பினர் சந்தாவும் பெறும் கோல்ஃப் கிளப்புகளிடம் இதைப் போன்ற பங்களிப்பைக் கேட்பது எவ்வகையிலும் மிகையன்று.

கேடித் தொழிலாளரைத் தனி வகையினராக அறிவித்து, விபத்துக் காப்பீடு, மருத்துவ வசதி, முதுமைக்கால ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் கிளப்புகளின் பங்களிப்புடன் வழங்கும் திட்டத்தை அமைச்சர் அவர்கள் வகுக்க வேண்டும். அதன் வரைவு, கேடிகளின் கருத்தையும் கேட்ட பிறகே இறுதியாக்கப்பட வேண்டும்.