வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் மீன்கள்

மக்களே, ஒரு கொலைக் குற்றத்தை ஒப்புக்கத்தான் இந்தப் பதிவு. செத்தது ஒன்பது பேர். ஆயுதம், ஒரு டப்பா மீன் தீனி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

போன வருஷம் ஊருக்குப் போனப்போ எங்க வீட்டுக் கிணத்துல இருந்து பத்து முண்டக்கண்ணி மீனை வாளியில மொண்டு எடுத்துட்டு வந்தேன். தெரியாதவங்களுக்காக: விரல் நீளம், தட்டைத் தலை, உச்சந்தலையில பொட்டு வச்ச மாதிரி பளபளன்னு ஒரு வெள்ளைப் புள்ளி. எப்பப் பார்த்தாலும் தண்ணியோட மேல்மட்டத்துலதான் நிக்கும். புத்தகத்துல அப்லோகீலஸ் இனம்னு போட்டிருப்பாங்க. இதோட வாய் மேல்நோக்கித் திறக்கும். அதாவது மேல இருந்து விழுறதைப் பிடிச்சுத் தின்னப் பொறந்த மீன். கொசுப்புழு, எறும்பு, பறந்து வந்து தண்ணியில விழுற பூச்சி, இதுதான் சாப்பாடு. கொசுவை ஒழிக்கணும்னு 1928ல இத்தாலியில இருந்து கம்பூசியா மீனை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. அதே வேலையைச் சம்பளம் வாங்காம நம்ம கிணத்துல இது செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது.

அந்தக் கிணத்துல யாரும் அதுக்குத் தீனி போட்டதில்லை. நான் சின்னப் பையனா இருந்ததுல இருந்து பார்க்கிறேன், தலைமுறை தலைமுறையா வாழுது. எங்க வீட்டு ரெண்டடி கண்ணாடித் தொட்டியில பதினோரு நாள்தான் தாங்குச்சு.

என்ன நடந்தது? காலையில நான் போடுவேன். ஸ்கூல்ல இருந்து வந்ததும் பொண்ணு போடுவா. ராத்திரி, "வாயில்லா ஜீவன், வயித்தைக் காயப்போடாதீங்கடா"ன்னு அம்மா ஒரு பிடி. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு நான் வாங்கினது தண்ணியில மூழ்குற குருணைத் தீனி. முண்டக்கண்ணி கீழ போய்ப் பொறுக்காது. கண்ணு முன்னால விழும்போது பிடிச்சா உண்டு, இல்லைன்னா இல்லை. மிச்சம் எல்லாம் அடியில போய் அழுகும். அழுகினா அம்மோனியா வரும், அது செவுளைப் பொசுக்கும். அழுகுற வேலையே தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்னுடும்.

இப்பத்தான் நான் பண்ணின பெரிய தப்பு வருது. எட்டாவது நாள் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. வேற மீனா இருந்தா மூச்சு முட்டுதுன்னு புரிஞ்சிருக்கும். இது எப்பவுமே மேல நிக்கிற மீனாச்சே! பாவம், பசிக்குதுன்னு இன்னும் ரெண்டு சிட்டிகை போட்டேன். மூச்சு விட முடியாம தவிச்சவனுக்குச் சோறு ஊட்டியிருக்கேன். பதினோராவது நாள் காலையில மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. பொண்ணு அன்னிக்குக் கேட்டது இன்னும் காதுலயே இருக்கு: "நாம நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்?"

என் கட்சி இதுதான். நம்ம வீட்டு மீன்கள் பட்டினியால சாகிறதை விட நம்ம பாசத்தால சாகிறதுதான் அதிகம். கிட்டப் போனா மேல ஓடி வந்து வாலாட்டுதே, அது பசி இல்லை, பழக்கம். ஆள் வந்தா தீனி வரும்னு கத்துக்கிட்டிருக்கு. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காக நாம போடுறது நமக்கான தீனி, மீனுக்கானது இல்லை.

இப்ப வீட்டுல சட்டம் போட்டாச்சு. அப்பா மாத்திரை போட்டு வச்சிருந்த ஏழு அறை டப்பா சும்மா கிடந்தது. ஒரு நாளுக்கு ஒரு அறை, மிதக்கிற செதில் தீனியைப் பொடிச்சு ஒரு சிட்டிகை. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான். அறை காலியா இருந்தா யாரோ போட்டாச்சுன்னு அர்த்தம், இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. போடும்போது அஞ்சு நிமிஷம் ஃபில்டரை நிறுத்திடணும், இல்லைன்னா தீனியை அது இழுத்துக்கும். காத்து டியூப்ல ஒரு துண்டை வளையமா மாட்டி மிதக்க விட்டா தீனி அந்த வளையத்துக்குள்ளயே நிக்கும். மூடி ரொம்ப முக்கியம், இது துள்ளிக் குதிக்கிற ஜாதி. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்தறேன்.

வெள்ளிக்கிழமை அறையில மட்டும் ஒண்ணும் கிடையாது. ஒரு நாள் பட்டினி மீனுக்கு நல்லதுதான். அம்மா மொதல்ல ஒத்துக்கலை. "வெள்ளிக்கிழமை விரதம்மா"ன்னு சொன்னேன். உடனே சரின்னுட்டாங்க :-)

கொசுப்புழு போடலாமேன்னு கேப்பீங்க. அதை விட நல்ல தீனி இதுக்குக் கிடையாது, நானும் போடறேன். ஆனா வாளியில தண்ணி வச்சுப் புழு வளர்க்கிறவங்க ஒண்ணை மறக்கக் கூடாது. நம்ம ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் வலையில அள்ளணும், அஞ்சாவது நாள் மொத்தத்தையும் வடிகட்டி வாளியைக் கவுத்துடணும். மீன் மேல பாசம்னு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு குடுக்க முடியாது. ஊருக்குப் போறோம்னா வாளியே வேண்டாம்.

தப்பிச்ச அந்த ஒத்தை முண்டக்கண்ணி இன்னும் இருக்கு. இந்தப் பொங்கலுக்குப் போனப்போ அதே கிணத்துல இருந்து நாலு பேரைத் துணைக்குக் கொண்டு வந்தேன். தொட்டி பக்கம் போனா அஞ்சும் ஓடி வந்து வாயைத் திறக்குது. டப்பாவைப் பார்க்கிறேன். அறை காலி. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.

கஷ்டமாத்தான் இருக்கு. உங்க வீட்டுல எத்தனை பேர் தீனி போடறீங்க? ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.