கிளைமாக்ஸில் குணமாகும் நோய்

‘மனசுல இருக்கிறதைக் கொட்டிடு, எல்லாம் சரியாயிடும்.’ துக்க வீட்டிலிருந்து தொலைக்காட்சி வரை இதே வைத்தியம்தான். புதைந்த காயத்தை ஒருமுறை தோண்டி நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அது ஒழிந்துவிடுமாம். பொய். பாதிக்கப்பட்டவர்களை மறுபடி வதைக்கும் பொய்.

‘சந்திரமுகி’ (2005) நம்மை இதற்குத்தான் பழக்கியது. மனநோயால் தன்னைச் சந்திரமுகியாகவே எண்ணும் கங்காவை, அந்தச் சந்திரமுகியைக் கொன்ற வேட்டையனைப் பழிவாங்கிவிட்டதாக நம்ப வைக்கிறார்கள், பலியாவது பொம்மை. அத்தோடு நோயும் போச்சு! மூலப்படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), பெற்றோர் கல்கத்தாவில் இருக்கப் பாட்டியிடம் வளர்ந்த அவளுடைய தனிமையைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அதே குறுக்குவழியில் போனது.

இந்த நம்பிக்கைக்கு மருத்துவ அந்தஸ்து தந்த கதையே ஆட்டம் காண்கிறது. பேசிப் பேசியே குணமானதாக மருத்துவர்கள் ப்ராயரும் ஃப்ராய்டும் 1895இல் எழுதிய ‘அன்னா ஓ’ என்ற நோயாளி, சிகிச்சை முடிந்த 1882ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டிருந்தார். பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையும் ஆய்வுகளில் பலன் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. பேசவே கூடாது என்பதல்ல என் வாதம். தேர்ந்தவர் துணையோடு, தாங்குமளவு, வாரக்கணக்கில் பேசுவது வேறு சங்கதி.

காயம் ஒரேயடியாக ஒழியாது என்பது நல்ல திகில் கதைக்குத் தெரியும். ஜெனிஃபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் ‘தி பாபடூக்’ (2014). பிரசவத்துக்கு அழைத்துப்போகும் வழியில் விபத்தில் கணவனைப் பறிகொடுத்தவள் அமெலியா. அவன் சாமான்களெல்லாம் நிலவறையில். அவள் விழுங்கிவைத்த துக்கம் பூதமாகி வந்து, மகனையே கொல்லத் தூண்டுகிறது. அவள் எதிர்த்து நிற்கிறாள்; பூதம் பின்வாங்குகிறது, ஆனால் சாகவில்லை. கடைசியில் மகன் தோட்டத்தில் மண்புழு பொறுக்கித் தருகிறான். அவள் கிண்ணத்தோடு நிலவறைக்கு இறங்குகிறாள். அது சீறிப் பாய்கிறது. அவள் நடுங்குகிறாள், ஆனால் ஓடவில்லை. தணிந்த குரலில் அதை ஆற்றுகிறாள். கிண்ணம் இருட்டுக்குள் இழுபடுகிறது. அவள் மேலே வந்து மகனின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள். நான் பார்த்த திரைப்படங்களில் இவ்வளவு நேர்மையான முடிவு குறைவு.

‘இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்க?’ என்று அமெலியாவிடம் கேட்க நமக்கு மனம் வராது. பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கிறோம். சிறுவயதில் சொந்தக்காரனிடம் சிக்கிச் சீரழிந்து, இருபது வருடம் கழித்து வாய்திறந்த பெண்ணிடமும், ‘அதான் சொல்லிட்டியே, இன்னும் என்ன?’ என்று கேட்கிறோம்.